வீட்டு சர்வர் வெளியூரில் திறக்கிறது, வீட்டில் திறக்கவில்லை: என்ன செய்வது?

எங்கள் வீட்டு அலமாரியில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று இருக்கிறது. அதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஓடுகிறது. குடும்பப் படங்கள் முழுவதும் அதில்தான். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்து, டொமைன் பெயரையும் இணைத்து முடித்த இரவு, கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்கு முகவரியை அனுப்பினேன். "அண்ணா, திறந்துவிட்டது. தாத்தா படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது!" என்று உடனே பதில் வந்தது. அதே முகவரியை, சர்வரிலிருந்து நான்கடி தள்ளி இருந்த என் லேப்டாப்பில் தட்டினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது.

அடுத்த இரண்டு இரவுகள் சர்வரின் அமைப்புக் கோப்புகளைத் திருத்தினேன், ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதிதாக வாங்கினேன். அவை எதிலும் பிழை இல்லை. வீட்டு சர்வர் வைக்கும் பலரும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே கலைத்துவிடுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு அந்த இரண்டு இரவுகள் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

விளக்கத்துக்காகச் சில முகவரிகளை வைத்துக்கொள்வோம். ரவுட்டர் 192.168.1.1, சர்வர் 192.168.1.10, லேப்டாப் 192.168.1.20. இணைய நிறுவனம் உங்கள் வீட்டுக்குத் தந்திருக்கும் பொது முகவரி 203.0.113.45. (ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து இதை எடுத்திருக்கிறேன்.) டொமைன் பெயர் உதாரணம்.பரிட்சை என்றிருக்கட்டும். இது நான் புனைந்த பெயர் அன்று. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2007இல் பிற மொழி எழுத்துகளில் டொமைன் பெயர்களைச் சோதித்தபோது தமிழுக்கென வைத்த பெயர் இதுதான். கட்டளைகளை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் நான்கு சோதனைகள்

எதையும் மாற்றுவதற்கு முன் இந்த நான்கையும் வரிசையாகச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஒன்று: சர்வரிலேயே உட்கார்ந்து 127.0.0.1 என்ற முகவரியைத் திறங்கள். பக்கம் வரவில்லை என்றால் சர்வரே ஓடவில்லை. வேறு எதையும் பார்க்க வேண்டாம், அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு: லேப்டாப்பிலிருந்து, பெயரைத் தட்டாமல், 192.168.1.10 என்ற உள்முகவரியைத் தட்டுங்கள். இங்கே ஏதாவது ஒரு பக்கம் வந்தால் போதும். உங்கள் படப் பக்கத்துக்குப் பதிலாக என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் வந்தாலும் கவலை வேண்டாம். ஒரே சர்வரில் பல தளங்கள் இருக்கலாம் என்பதால், பிரவுசர் எந்தப் பெயரைக் கேட்கிறது என்பதைப் பார்த்துத்தான் சர்வர் பக்கத்தை எடுத்துத் தரும். வெறும் எண்ணைக் கேட்டால் முன்னிருப்பாக இருப்பதைத் தரும்.

எதுவுமே வராவிட்டால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வர் 127.0.0.1 முகவரியில் மட்டும் காதுகொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது அதற்கு வெளியிலிருந்து வரும் எந்தக் குரலும் கேட்காது. வெப் சர்வர் பயன்படுத்தும் 80, 443 போர்ட்டுகள் (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்கள்) ஃபயர்வாலில் அடைபட்டிருக்கலாம். அல்லது லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். விருந்தினர் வைஃபை பெரும்பாலும் வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்கவிடாமல் தடுத்துவிடும். இந்த மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

மூன்று: மொபைலில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உதாரணம்.பரிட்சை என்ற பெயரைத் திறங்கள். வரவில்லை என்றால் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால், நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் போர்ட் ஃபார்வர்டிங்கால் பயனில்லை. நிறுவனத்திடம் தனி முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியாகப் போக வேண்டும். வெளிமுகவரி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது உங்கள் கையில் இருந்தால் அதிலும் போர்ட்டைத் திருப்பிவிட வேண்டும். நிறுவனத்தின் கருவி என்றால் மேலே சொன்னதே தீர்வு.

நான்கு: வைஃபையை மீண்டும் போட்டு, அதே பெயரைத் திறங்கள்.

முதல் மூன்றும் தேறி, நான்காவது மட்டும் தோற்றால் உங்கள் சர்வர் நலமாக இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

பாக்கெட் எங்கே தொலைகிறது

லேப்டாப் பெயரைக் கேட்டதும், பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் 203.0.113.45 என்று பதில் சொல்கிறது. அது உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி. ஆகவே லேப்டாப் தன் பாக்கெட்டை (கோரிக்கையைச் சுமக்கும் தரவுப் பொட்டலத்தை) ரவுட்டரிடம் கொடுக்கிறது. இங்கிருந்து அது இரண்டு விதமாகத் தவறிப்போகலாம்.

முதல் விதம் எளியது. பல ரவுட்டர்களில் போர்ட் ஃபார்வர்டிங் விதி வெளிக் கம்பி வழியாக வருகிறவற்றுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளிருந்து வந்த பாக்கெட்டை ரவுட்டர் 'எனக்கே வந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. சர்வரின் பக்கத்துக்குப் பதிலாக ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றால் இதுதான் நடந்திருக்கிறது.

இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ரவுட்டர் விதியைப் பொருத்தி, பாக்கெட்டில் பெறுநர் முகவரியை 192.168.1.10 என்று மாற்றி சர்வருக்கு அனுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புநர் இடத்தில் லேப்டாப்பின் 192.168.1.20 அப்படியே இருக்கிறது. சர்வர் அதைப் பார்க்கிறது. 'இவர் நம் வீட்டுக்காரர், ரவுட்டர் எதற்கு?' என்று பதிலை நேராக லேப்டாப்புக்கே கொடுத்துவிடுகிறது. லேப்டாப்போ 203.0.113.45இலிருந்து பதில் வரும் என்று காத்திருக்கிறது. 192.168.1.10இலிருந்து வந்த பதில் அதற்கு அந்நியம். ஒரு கடைக்கு ஃபோன் செய்து காத்திருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் விடுகிறோமே, அப்படித்தான். லேப்டாப் அந்தப் பதிலைத் தள்ளிவிட்டு, வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சுற்றுவது இதனால்தான்.

தீர்வு இரண்டே திசையில்தான் இருக்க முடியும். பாக்கெட் ரவுட்டரைத் தொட்டுத் திரும்பும்படி ஒழுங்காக வளைத்துவிடுவது ஒன்று. வீட்டுக்குள் இருக்கும்போது அந்தப் பெயருக்கு உள்முகவரியையே பதிலாகச் சொல்லிவிடுவது மற்றொன்று.

எந்த வழிக்கும் முன்: சர்வருக்கு நிலையான உள்முகவரி

ரவுட்டர் கருவிகளுக்கு முகவரியைத் தானாகப் பகிர்ந்து கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தால் சர்வருக்கு இன்று 10, நாளை 14 என்று மாறிவிடலாம். மாறினால் போர்ட் ஃபார்வர்டிங்கும் போயிற்று, கீழே சொல்லப்போகும் எல்லாமும் போயிற்று. முகவரி பகிரும் இந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் முகவரி ஒதுக்கீட்டுக்கு ஓர் இடம் இருக்கும். அங்கே சர்வரின் மேக் எண்ணையும் (கருவிக்கே உரிய அடையாள எண்) 192.168.1.10 என்பதையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். சர்வரில் போய் முகவரியைக் கையால் எழுதுவதைவிட இதுவே நல்லது. கணக்கு ஒரே இடத்தில் இருக்கும்.

வழி ஒன்று: கொண்டை ஊசி வளைவு

கொல்லிமலைச் சாலையில் ஏறியவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு என்றால் என்னவென்று தெரியும். வந்த திசைக்கே சாலை திரும்பிவிடும். வலையமைப்புக்காரர்களும் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஹேர்பின் நாட். முகவரியை மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு நாட் என்று பெயர். ரவுட்டர் பக்கங்களில் 'நாட் லூப்பேக்' என்றோ 'நாட் ரிஃப்ளெக்ஷன்' என்றோ எழுதியிருக்கும்.

இந்த வசதி இருந்தால் ரவுட்டர் பெறுநர் முகவரியோடு அனுப்புநர் முகவரியையும் மாற்றும். லேப்டாப்பின் 192.168.1.20ஐ எடுத்துவிட்டுத் தன்னுடைய 192.168.1.1ஐ எழுதும். சர்வரின் பதில் ரவுட்டருக்கே திரும்பும். ரவுட்டர் அதைச் சரியான முகவரியோடு லேப்டாப்பிடம் ஒப்படைக்கும். சுற்று முடிந்தது.

ரவுட்டரின் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடி, இருந்தால் இயக்கி, நான்காவது சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் ஒவ்வொரு போர்ட் ஃபார்வர்டிங் விதியின் மேம்பட்ட அமைப்பிலும் இதற்கான தேர்வுப் பெட்டி இருக்கிறது. பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளில் முன்னிருப்பாக அணைத்து வைத்திருப்பார்கள், நீங்கள்தான் இயக்க வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டர்களில் இரண்டு விதிகளைக் கையால் எழுத வேண்டும்: உள்வலையிலிருந்து சர்வருக்குப் போகிறவற்றின் அனுப்புநர் முகவரியை மாற்ற ஒன்று, வெளிக் கம்பியோடு கட்டிப்போடாத போர்ட் ஃபார்வர்டிங் விதி ஒன்று.

நாட் கருவிகள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று இணையத் தர ஆவணங்கள் எப்போதோ சொல்லிவிட்டன. தரவை அனுப்பும் முறைகளில் யூடிபிக்கு 2007இல் ஆர்எஃப்சி 4787 என்ற ஆவணம், டிசிபிக்கு 2008இல் ஆர்எஃப்சி 5382. ஆனாலும் எனக்கு இணைப்போடு வந்த ரவுட்டரில் இது இல்லை. இரண்டு முறை மென்பொருள் புதுப்பித்தும் வரவில்லை. உங்கள் ரவுட்டரிலும் இல்லாவிட்டால் தேடிக் களைத்துப்போகாதீர்கள். அடுத்த வழிக்குப் போங்கள்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் வீட்டுக்குள்ளிருந்து வந்த அத்தனை வருகைகளும் 192.168.1.1 என்ற ஒரே பெயரில் நிற்கும். அம்மாவின் மொபைலா, டிவியா, நீங்களா என்று பிரித்துப் பார்க்க முடியாது. தவறான கடவுச்சொல்லைப் பல முறை போடுகிறவரைத் தடுக்கும் கருவி ஏதாவது சர்வரில் இருந்தால், வீட்டில் ஒருவர் தவறினாலும் வீடே தடைபட்டுவிடும்.

வழி இரண்டு: ஹோஸ்ட்ஸ் கோப்பு

ஒரே ஒரு மேசைக் கணினிக்கு இது போதும். டிஎன்எஸைக் கேட்பதற்கு முன் கணினி புரட்டிப் பார்க்கும் சின்ன முகவரிப் புத்தகம்தான் ஹோஸ்ட்ஸ் கோப்பு. லினக்ஸிலும் மேக்கிலும் ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும். விண்டோஸில் விண்டோஸ் கோப்புறை, சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போக வேண்டும். நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, கடைசி வரியில் 192.168.1.10 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் டொமைன் பெயரை எழுதிச் சேமியுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

உங்கள் டொமைன் தமிழ் எழுத்திலேயே இருந்தால், அதன் ஆங்கில எழுத்து மாற்றுருவைத்தான் இங்கே எழுத வேண்டும். அது எக்ஸ், என், இரண்டு சிறு கோடுகள் என்று தொடங்கும். டொமைனைப் பதிந்த இடத்தில் அந்த வடிவத்தைக் காட்டுவார்கள்.

லேப்டாப்புக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், அங்கேயும் அது 192.168.1.10ஐத்தான் தேடும். அங்கே அந்த முகவரியில் பிரிண்டர் ஒன்று இருக்கலாம். ஐஃபோனிலும் சாதாரண ஆண்ட்ராய்டிலும் இந்தக் கோப்பைத் தொடவே முடியாது.

வழி மூன்று: வீட்டுக்கென ஒரு டிஎன்எஸ்

நான் நிலைத்து நிற்பது இதில்தான். உள்ளே கேட்டால் 192.168.1.10, வெளியே கேட்டால் 203.0.113.45. ஒரே பெயருக்குக் கேட்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு பதில். ஸ்ப்ளிட் டிஎன்எஸ் என்று இதைச் சொல்வார்கள். பாக்கெட் ரவுட்டரில் வளையவே வேண்டியதில்லை. இணையம் அறுந்துபோன மழை நாளிலும் வீட்டுக்குள் படங்கள் திறக்கும்.

செய்முறை இது. முதலில், உங்கள் ரவுட்டரிலேயே உள்ளூர் டிஎன்எஸ் பதிவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே பெயரையும் உள்முகவரியையும் எழுதினால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் சர்வர் ஓடும் அதே ராஸ்பெர்ரி பையில் பை-ஹோல் அல்லது ஆட்கார்ட் ஹோமை நிறுவுங்கள். இரண்டும் விளம்பரத் தடுப்புக்குப் பெயர் பெற்றவை, இரண்டும் இலவசம். நமக்கு வேண்டியது அவற்றின் ஒரு சிறு பக்கம்: பை-ஹோலில் லோக்கல் டிஎன்எஸ், ஆட்கார்டில் டிஎன்எஸ் ரீரைட்ஸ். அங்கே உதாரணம்.பரிட்சை, 192.168.1.10 என்று ஒரு வரி சேருங்கள். அந்தக் கருவிகளின் நிர்வாகப் பக்கமும் 80ஆம் போர்ட்டைக் கேட்கக்கூடும். ஏற்கெனவே அங்கே வெப் சர்வர் இருப்பதால் வேறு எண்ணைக் கொடுங்கள். பிறகு ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் முகவரி என்ற கட்டத்தில் 192.168.1.10 என்று எழுதுங்கள். கருவிகளை ஒரு முறை வைஃபையிலிருந்து பிரித்து மீண்டும் சேருங்கள்.

இரண்டாம் டிஎன்எஸ் என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். 'இருக்கட்டுமே, பாதுகாப்புக்கு' என்று அங்கே கூகுளின் பொது டிஎன்எஸான 8.8.8.8 போடுகிறவர்கள் மிகுதி. கருவிகள் முதலாவதை மட்டுமே கேட்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டில் எதையும் கேட்கலாம். ஒரு முறை திறக்கும், மறுமுறை திறக்காது. காரணம் தெரியாத இந்த விட்டுவிட்டு வரும் கோளாறு, முழுவதும் திறக்காமல் இருப்பதைவிடக் கொடியது. பயமாக இருந்தால் இரண்டாவது ராஸ்பெர்ரி பை ஒன்றில் இன்னொரு டிஎன்எஸ் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு மொபைலில் மட்டும் திறக்கவில்லையா? அது உங்கள் டிஎன்எஸைக் கேட்கவே இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தால் கேள்விகள் அங்கேதான் போகும். பிரவுசரின் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' அமைப்பும் அப்படியே. இன்னொன்று ஐபிவி6. ரவுட்டர் தன் ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியைத் தனியாக அறிவித்துக்கொண்டிருக்கும், கருவிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். ரவுட்டரில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள், அல்லது அங்கேயும் பையின் ஐபிவி6 முகவரியைக் கொடுங்கள்.

போர்ட் எண் பொருந்துகிறதா?

வெளியே 8443 என்ற போர்ட்டில் வாங்கி, உள்ளே 443க்குத் திருப்பிவிட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வழி மூன்றில் ரவுட்டர் நடுவில் இல்லை. ஆகவே எண்ணை மாற்றித் தர யாரும் இல்லை. லேப்டாப் நேராக சர்வரின் 8443ஐத் தட்டும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். டிஎன்எஸ் முகவரியைத்தான் சொல்லும், போர்ட்டைத் திருப்பாது. சர்வரை 8443இலும் கேட்கச் செய்யுங்கள், அல்லது வெளியேயும் 443ஐயே பயன்படுத்துங்கள்.

பூட்டுக் குறியும் சான்றிதழும்

சான்றிதழ் பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் அதே பெயரைத் தட்டினால், பாக்கெட் எந்த வழியாகப் போனாலும் பூட்டுக் குறி சரியாக நிற்கும். 192.168.1.10 என்ற எண்ணை நேராகத் தட்டினால் பிரவுசர் எச்சரிக்கும். 'பரவாயில்லை, உள்ளே போ' என்று அழுத்தும் பழக்கத்தை வீட்டாருக்கு ஏற்படுத்தாதீர்கள். ஒரு நாள் வங்கிப் பக்கத்தில் அதே எச்சரிக்கை வரும்போதும் அவர்கள் அதையே அழுத்துவார்கள்.

வெளியே திறக்கவே வேண்டாம், வீட்டுக்குள் மட்டும் போதும் என்றாலும் சான்றிதழ் வாங்கலாம். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் டிஎன்எஸ்-01 என்ற சோதனை முறை இருக்கிறது. சர்வரைத் திறந்து காட்டாமல், டொமைனின் டிஎன்எஸில் ஒரு பதிவை எழுதிக் காட்டினாலே போதும்.

கடைசிச் சரிபார்ப்பு

வைஃபையில் இருக்கும்போது என்எஸ்லுக்அப் என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு டொமைன் பெயரைக் கொடுங்கள். பதிலில் 192.168.1.10 வர வேண்டும். பழைய எண்ணே வந்தால் கேள்விக்குப் பதில் சொன்னது யார் என்பது அதே பதிலின் மேல் வரியில் இருக்கும். அங்கே உங்கள் பையின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. வழி இரண்டில் போனவர்கள் பிங் கட்டளையால் சோதிக்க வேண்டும்.

பிறகு சர்வரில் என்ஜின்எக்ஸ் பதிவேட்டின் கடைசி வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். வரியின் தொடக்கத்தில் 192.168.1.20 வந்தால் லேப்டாப் நேராக வந்திருக்கிறது. 192.168.1.1 வந்தால் கொண்டை ஊசியில் திரும்பி வந்திருக்கிறது. இனி மொபைலில் அதே பக்கத்தைத் திறந்துகொண்டு வாசலுக்கு வாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மீண்டும் புதுப்பியுங்கள். பதிவேட்டில் அடுத்த வரி உங்கள் மொபைல் நிறுவனத்தின் முகவரியோடு வரும்.